இரட்டைச் சில்லுக்குள் சுற்றிய கயிறு

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி எழுதலாம்.

ராசிக் நானா மவுத்தான மரணச் செய்தி முந்தாநாள் நண்பகல் லுஹருக்குச் சற்று முன்னர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. நான் வகுப்பில் இருந்தேன். சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, அறிவிப்பு முடியும்வரை ஜன்னல் பக்கம் பார்த்து நின்றேன். மாலை அஸருக்குள் எங்கள் ஊர் முகநூல் பக்கம் நிறைந்துவிட்டது. எழுதிய எல்லோரும் ஒரே கதையைத்தான் எழுதினார்கள். மணலில் புதைந்த வெங்காய லொறியை ராசிக் நானா தன் மூளையால் மீட்ட கதை. அந்த லொறிக்குள் நானும் இருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நுரைச்சோலைத் தோட்டங்களின் மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்றவர் அவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எதற்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அவருடைய மகன் ரிஸ்வான் கணிதத்தில் தவறியபோதுதான் முதலில் என்னிடம் வந்தார். ஆசிரியர் அறை முழுவதும் கேட்கும்படி, "சேர், என்ட மகன் பெயிலா, ஒங்கட படிப்பிப்பு பெயிலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

டீசலுக்காக நாடே வரிசையில் நின்ற வருடம், மாலைதீவில் கணித ஆசிரியர் வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. கொழும்பில், பிற்பகலில். இந்த ஊரையும் இந்தப் பாடசாலையையும் மாமனார் வீட்டு முன்னறையையும் விட்டு வெளியேற எனக்குக் கிடைத்த ஒரே கதவு அது. பஸ் ஓடவில்லை. வரிசையில் நின்று டீசல் பிடித்திருந்த ராசிக் நானா கேள்விப்பட்டு வந்தார்.

"ஏறுங்க சேர். வெங்காயத்தோட வெங்காயமா கொழும்புல எறக்கி விடுறேன்."

விடியலில் சுபஹ் தொழுததும் புறப்பட்டோம். கடற்கரைப் பக்கத் தோட்டமொன்றில் இன்னும் சில மூட்டைகள் எடுக்க வேண்டுமென்று பிரதான வீதியை விட்டுத் திருப்பினார். இரவு மழை பெய்திருக்கிறது, வேண்டாம் என்றேன். "இந்த ரோட்ட எனக்குப் படிப்பிக்க வேணாம் சேர்" என்றார். மூட்டைகளை ஏற்றித் திரும்பும்போது குறுகிய மணல் ஒழுங்கையின் நடுவில் பின்சில்லுகள் அச்சுவரை இறங்கின.

இரு பக்கமும் முள்வேலி. கதவு பாதிதான் திறந்தது. நான் ஜன்னல் வழியாக இறங்கியபோது புதிய காற்சட்டை முழங்காலில் கிழிந்தது. பக்கத்துத் தோட்டங்களில் டிராக்டர்கள் நின்றன. ஒன்றிலும் டீசல் இல்லை. மூட்டைகளை இறக்குவோம் என்றேன்.

"ஈரத்துல வச்சா அழுகிப் போகும். அது என்ட வெங்காயமில்ல சேர், ஊராக்கள்ட."

தோட்டத்து ஆட்கள் சில்லுக்கடியில் தென்னோலை போட்டார்கள். சில்லு அதைச் சிதைத்துத் துப்பியது. கரைவலைக்காரர்கள் தங்கள் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். லொறி தலையாட்டிவிட்டு அதே குழியில் உட்கார்ந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெறுமனே சுழலும் சில்லையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒன்று தோன்றியது.

"நானா, ஆளுகள் இழுக்க வேணாம். சில்லே இழுக்கட்டும். கயித்த முன்னால தென்னையில கட்டி, மற்ற நுனிய வலப்பக்கத்துல ஒட்டி நிக்கிற இந்த ரெண்டு டயருக்கும் நடுவுல கொண்டுபோய் ரிம்மில முடிங்க. சில்லு சுத்தச் சுத்தக் கயிறு உள்ள சுருளும். லொறி தன்னையே இழுத்துக்கொண்டு போகும்."

"சேர், இது பள்ளிக்கூடமில்ல" என்றார். ஆனால் கட்டினார்.

வலப்பக்கச் சில்லு கயிற்றைச் சுருட்டத் தொடங்கியது. கயிறு விறைத்தது, லொறி முனகியது. உடனே இடப்பக்கச் சில்லு பைத்தியம் பிடித்ததுபோலச் சுழன்று இன்னும் ஆழமாகத் தோண்டியது. ராசிக் நானா எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஒங்கட கணக்கு ஒரு காலுக்குத்தான் செருப்புப் போட்டிரிக்கி சேர். ரெண்டு பக்கமும் கட்டோணும்."

இரண்டு பக்கமும் கட்டச் சொன்னது அவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

இடப்பக்கத் தென்னை ஒரு ராத்தாவின் வீட்டு வளவுக்குள் நின்றது. அவர் மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார்.

"என்ட தென்னையச் சாய்ச்சுப் போட்டு நீங்க கொழும்புக்குப் போயிருவீங்க. நான் யார்ட்டப் போய்க் கேக்கிற?"

"மரம் சாஞ்சா இந்த லொறிய ஒங்கட வளவுலயே நட்டுட்டுப் போறேன் ராத்தா. தேங்கா காய்க்காது, நெழல் தரும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். கயிறு அறுக்காமல் இருக்க மரத்தில் சுற்றச் சாக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

இம்முறை இரு சில்லுகளும் கயிற்றை விழுங்கின. லொறி அங்குலம் அங்குலமாகத் தன் குழியிலிருந்து ஏறி வந்தது. கூடியிருந்தவர்கள் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னார்கள். ராசிக் நானாவைத் தோளில் தூக்கினார்கள். நான் கிழிந்த காற்சட்டையோடு வேலியோரம் நின்றேன்.

கொழும்பில் அவர் சந்தைக்குப் போகவில்லை. வெங்காய லொறியை நேரே நேர்முகத் தேர்வு நடந்த கட்டிடத்தின் முன் நிறுத்தினார். தேர்வு முடிந்துவிட்டிருந்தது. இடுப்பில் கட்டிய சேற்றுச் சாரத்தோடு மேலே ஏறி வந்து, அங்கிருந்தவர்களிடம் சிங்களத்தில் சத்தம் போட்டார்: இந்த மாத்தயாதான் லொறியை எடுத்தவர், இவர் இல்லாவிட்டால் நான் இன்னும் மணலுக்குள், இவரை இப்போதே பாருங்கள். பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். அறிவிக்கவில்லை.

அந்த உண்மையை அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஊரில் தேநீர்க்கடைக் கதையில் நான் இருக்கவில்லை. கேட்டபோது என்னை வெளியே கூட்டிப்போனார்.

"ஒரு மாஸ்டர் சொல்லித்தான் லொறிய எடுத்தேன் எண்டு தெரிஞ்சா எவன் என்னை நம்பி லோட் ஏத்துவான்? ஒங்களுக்கு மாசம் முடிஞ்சாச் சம்பளம் வரும். எனக்குப் பேருதான் சேர் சம்பளம். என்ட காலம் வரைக்கும் சொல்லாதீங்க."

சரி என்றேன். அதன்பின் நான் பாடசாலைக்கு நடக்கும் நாளெல்லாம் லொறி பக்கத்தில் வந்து நிற்கும். "ஏறுங்க சேர்." நான் ஏறியதில்லை. அதே வீதி, அதே கரும்பலகை, அதே முன்னறை. அந்த பிரேக் சத்தம் எனக்கு ஒவ்வொரு காலையும் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்லும்.

நேற்று ஜனாஸாத் தொழுகைக்கு முன் ரிஸ்வான் எழுந்து நின்றான். இப்போது அவன்தான் லொறி ஓட்டுகிறான். "எங்கட வாப்பா ஆருக்காவது மனசு நோகச் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றான். ஸஃப் வரிசையில் நின்ற எல்லோரும் "பொறுத்தோம்" என்றார்கள். தொழுதேன். மண்ணும் போட்டேன். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

ராசிக் நானா, கயிற்றை உங்களுக்கே விட்டுத் தருகிறேன். அதில் பாதி உங்களுடையதுதான். சேற்றுச் சாரத்தோடு மாடி ஏறி எனக்காகக் கத்திய வேறு மனிதர் என் வாழ்க்கையில் இல்லை. நீங்கள் பிரதான வீதியை விட்டுத் திருப்பியதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும்.

கீழே பெயர் போட்டால் ரிஸ்வான் நாளைக் காலை என் வாசலில் வந்து நிற்பான். கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், வாப்பாவப் பொறுத்துக்கொள்ளுங்க" என்பான். அவன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது. பொறுத்தேன் என்று பொய் சொல்லவும் முடியாது. அன்று ஒழுங்கையில் நின்றவர்களுக்கு நான் யாரென்று தெரியும். அவர்கள் தயவுசெய்து அவனிடம் சொல்லாதிருக்கட்டும். அவனே ஊகித்தாலும், பெயர் இல்லாதவரை கேட்டு வரமாட்டான். அந்தச் சொல் எனக்கு வரும் நாளில் நானே அவன் வீட்டுக்குப் போவேன். அதுவரை இது பெயரில்லாமலே இந்தப் பக்கத்தில் கிடக்கட்டும்.