பரிகாரம் இல்லாத சீட்டுகள்

டாரட் கார்டு பார்த்துப் பலன் சொல்லப்படும் என்று மதுரை வில்லாபுரத்து வீட்டு வாசலில் நான் போர்டு மாட்டியதில்லை. போனில் வீடியோ போடுவேன், பார்த்தவர்கள் கூப்பிடுவார்கள். கல்லூரியில் வரலாறு படித்தவள் என்பதால் இந்தச் சீட்டுகள் மேல் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இத்தாலியின் வடக்கே, பணக்கார வீடுகளில் பொழுதுபோகாமல் ஆடிய சீட்டு இது. ரொம்ப காலம் வெறும் ஆட்டமாகத்தான் இருந்தது. பிறகு பிரான்ஸில் ஒருவர், இது எகிப்துக் கோயில்களின் ரகசிய ஞானம் என்று கிளப்பிவிட்டார். ஆதாரம் ஒன்றும் கிடையாது, ஆனால் ஊர் உலகம் நம்பிவிட்டது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து ஆடினால் போலீஸ் பிடிக்கிற சமாச்சாரம், எகிப்து என்றதும் பூஜை அறைக்குள் போய்விட்டது.

இதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை. வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், யார் காதிலும் ஏறாது. டாரட்டுக்கு ராசி நட்சத்திரம் வேண்டாம் என்றால், "இருக்கட்டும்க்கா, எழுதி வச்சுக்கங்க" என்பார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, "சரி, பரிகாரம் என்ன?" என்று கேட்பார்கள். இந்தச் சீட்டில் பரிகாரமே கிடையாது என்று சொன்னால், பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று கேட்டதுபோல முகம் தொங்கிப்போகும்.

போன வருஷம் ஆடி மாதத்தில் சோழவந்தானிலிருந்து ஒரு பெண் நேரிலேயே வந்தாள். அவள் கணவரை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். வராந்தாவில் காத்துக் கிடந்தபோது என் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று கார்டு பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டரைக் கேக்க வேண்டியதை எங்கிட்ட வந்து கேக்குறியேம்மா" என்றேன்.

"டாக்டர் பண்ணணும்னுதான்க்கா சொல்றாரு. எனக்கும் பண்ணணும்னுதான் இருக்கு. கொழுந்தன்மாருதான், ஆடியில நெஞ்சைக் கிழிக்க வேணாங்கிறாக. நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, நீதான கையெழுத்துப் போட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. கார்டுல வந்துச்சுன்னா பேச மாட்டாக."

முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதன் பழியை வாங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மேற்கொண்டு மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

கலைத்துப் பரப்பினேன். ஒன்றை எடுத்தாள். வெள்ளைக் குதிரை மேல் எலும்புக்கூடு. மரணம் என்ற சீட்டு. இது சாவைச் சொல்வதில்லை, வாழ்க்கையில் ஒரு மாற்றத்தைத்தான் சொல்லும் என்று புத்தகத்தில் உள்ளபடி ஆரம்பித்தேன். அவள் கேட்கவே இல்லை. அந்தச் சீட்டை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதிலும் வெள்ளைக் குதிரைதான். ஆனால் மேலே சிரிக்கிற குழந்தை, பின்னால் பெரிய சூரியன்.

"இதுதான்க்கா எனக்கு வந்தது" என்றாள்.

அப்படியெல்லாம் எடுக்கக் கூடாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆட்டத்துக்கென்று பிறந்த சீட்டுக்கு இதற்கு மேல் என்ன சட்டம் என்று விட்டுவிட்டேன். பரிகாரம் கேட்காமல் போன ஒரே ஆள் அவள்தான்.

ஆபரேஷன் நடந்தது. அவர் பிழைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு காலையில் கொழுந்தன்கள் இரண்டு பேரும் அவளையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள். இறந்துபோன அண்ணனோடு சேர்ந்து வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்கள். மூத்த கொழுந்தன் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"நீங்க சீட்டுப் பாத்துச் சொன்னதுனாலதான் சம்மதிச்சேன்னு எங்க மதினி சொல்றாக. நெசமா, இல்லையா? சொல்லுங்க!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசல் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்றாள். இது வெறும் விளையாட்டுச் சீட்டு என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் அவளுக்கு ஒருவாய்ச் சோறு நிம்மதியாக இறங்கியிருக்காது.

"நெசந்தான். கார்டுல தெளிவா வந்துச்சு, நான்தான் பண்ணச் சொன்னேன். அவுங்க மேல தப்பு இல்ல."

"நீங்கள்லாம் நல்லா இருப்பீகளா?" என்று ஆரம்பித்தவர், தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி திட்டித் தீர்த்தார். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டேன். இத்தாலிக்காரர்களின் ஆட்டம் இத்தனை காலம் கடந்து வில்லாபுரம் வரை ஏன் வந்தது என்பதற்குப் புத்தகங்களில் காரணம் தேடியிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் நின்றபோது கொஞ்சம் புரிந்தது. ஒரு முடிவைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு திரிய மனுஷர்களால் முடிவதில்லை.

மூத்தவர் அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். இளைய கொழுந்தன் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் ஆட்டோவில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, பெரியண்ணன் கடைசி நேரத்துல ரொம்ப வலியில கெடந்தாரான்னு இதுல பாக்க முடியுமா?"

சீட்டுகள் உள்ளே மேஜை மேல் இருந்தன. எடுக்க நான் போகவில்லை.

"வலியே இல்லாமத்தான் போயிருக்காரு தம்பி" என்றேன்.