தனபாக்கியத்தின் தழும்பு

நேற்றுக் காலை பிரசவ வார்டு வாசலில் ஒரு மாமியாரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், அவள் சம்மதிக்கவில்லை. வழக்கம்போல், "பிள்ளையார்பாளையத்துத் தனபாக்கியத்துக்கு ஆள் அனுப்புறேன், அவளைப் பார்த்துட்டுச் சொல்லுங்கம்மா" என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ செத்து, முந்தாநாளே எடுத்துட்டாங்களே டாக்டரம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தனபாக்கியத்தை அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவளால் பிழைத்து நடமாடுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தனபாக்கியம் நெசவாளியின் மனைவி. தலைப்பிரசவத்துக்கு, நாள் கடந்து, வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அறுவைக்குக் கைநாட்டு கேட்டேன். "செத்தாலும் முழுசா சாகட்டும்மா" என்றான் புருஷன். அவள் வலிக்கு நடுவே தலையைத் தூக்கினாள். "சாகப் போறது நானா நீயா? வைய்யா கைநாட்டு" என்றாள். வைத்தான். பெண் குழந்தையோடு தன் காலால் நடந்து வீடு போனாள்.

பிறகு ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்தாள். வார்டில் வேறொரு குடும்பம் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நின்று கேட்டாள். யாரையும் கேளாமல் அந்த வீட்டு மாமியாரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், புடவையை விலக்கித் தழும்பைக் காட்டினாள். "என் கையைப் புடிச்சுப் பாரும்மா. சூடா இருக்குதா? செத்தவ கை சூடா இருக்குமா?" என்று கேட்டது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கைநாட்டு விழுந்தது.

அன்றிலிருந்து, எந்த வீட்டார் மறுத்தாலும் அவளுக்குத்தான் ஆள் போகும். நூல் சுற்றுவதை விட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். "என் புருஷன்கூட இத்தனை தடவை பார்த்ததில்லை டாக்டரம்மா" என்று சிரிப்பாள். அவள் வந்த நாட்களில் நான் கத்தியைத் தொட்டேன். வர முடியாத நாட்களில் பெரும்பாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாவது உண்டானபோது, வலி எடுத்ததும் வந்துவிட வேண்டும் என்று நான்தான் படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் வரத்தான் துடித்திருக்கிறாள். வலி கண்ட காலையில் தெரு நீளத்துக்கு, தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டிருந்தார்களாம். நூல் காயாமல் சுருட்ட முடியாது. வண்டி உள்ளே வர வழியில்லை. "ரெண்டாவதுதானே, அவசரம் இன்னா, பாவு காயட்டும்" என்றிருக்கிறார்கள் பெரியவர்கள். கட்டிலோடு தூக்கி வந்திருக்கலாம். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவு காய்வதற்குள் அவள் போய்விட்டாள். நேற்று மதியம் அந்தத் தெருவுக்குப் போய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பழைய தழும்பு உள்ளே பிரிந்திருக்கும். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாள். ஊர் அதைச் சொல்லவில்லை. கிழித்த வயிறு, அதனால்தான் போனாள் என்கிறது. இத்தனை பேரைச் சம்மதிக்க வைத்தவளே இனி எல்லோரும் மறுப்பதற்குக் காரணமாகிவிட்டாள். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது, கை சூடா இருக்குதா என்று அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். நேற்றுக் காலை வார்டு வாசலில் அந்த மாமியாரிடம் அதையே கேட்டுக் கையை நீட்டினேன். அவள் தொடவில்லை. "உங்க வயித்துல தழும்பு இருக்குதாம்மா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மருமகளை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டாள்.