பேனலுக்குப் பக்கத்தில் நின்ற டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேனல் வந்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. வகுப்புக்கு ஒன்று, கதவு அகலத்துக்குக் கண்ணாடிப் பலகை. தொட்டால் படம் ஓடும், பாடம் பேசும். ஹெட்மாஸ்டர் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அணைத்த பிறகும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தூங்குவதுபோல் நடிக்கிற ஆளை நான் நம்புவதில்லை.

நான் அங்கே டிரில் மாஸ்டர். ஆந்திராவில் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெலுங்கு வகுப்புதான். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் மட்டும் தமிழில் பாடம் படிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு அறை மிச்சம் இருந்தது. அந்த இரண்டு அறைக்கும் சயின்ஸ் எடுத்தவர் ஸ்வர்ணலதா டீச்சர். சத்தியவேடு பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இந்த ஊர்த் தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் தறியோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை. அவர் அதட்டினால் மைதானத்தில் என் விசில் தோற்றுப்போகும்.

அந்த வருஷம் தமிழில் பாடப் புத்தகம் வரவில்லை. பள்ளி திறந்ததும் வரும் என்றார்கள், தசராவுக்கு வரும் என்றார்கள். பேனல்தான் வந்தது. அதில் இருந்த பாடமெல்லாம் தெலுங்கு, இல்லாவிட்டால் இங்கிலீஷ். வேறு யாராக இருந்தாலும் அதன்மேல் துணியைப் போட்டு மூடியிருப்பார்கள்.

ஒருநாள் அவர் வகுப்பைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். பேனலில் கோட்டுப் போட்ட ஒருவர் வாயசைக்கிறார், தமிழ் கேட்கிறது. டீச்சர் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு, பேனலின் இடதுபக்கம் நின்று, அந்த ஆளின் வாய்க்கு ஏற்பத் தானே பேசிக்கொண்டிருந்தார். இதயத்துக்குள் ரத்தம் போய்வருவதைப் படம் காட்ட, இவர் தறிக்குள் நூலைச் சுமந்துகொண்டு நாடா போய்வருவதை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கண்கொட்டவில்லை. காலையில் குழம்பு கொதிக்கும்போதே போனில் அன்றைய பாடத்தை ஓட்டிப் பார்த்துத் தமிழில் சொல்லிப் பழகிக்கொள்வாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, அந்தச் சிவப்பு விளக்கு ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

மார்கழி வாக்கில் பேனலைச் சரிபார்க்க வெங்கடரமணன் என்ற மெக்கானிக் பையன் வந்தான். "உங்க தமிழ் க்ளாஸ்தான் சார் மண்டலத்துலயே ஃபர்ஸ்ட்டு. எந்த க்ளாஸ்ல எவ்ளோ நேரம் ஓடுதுன்னு மேல பாத்துக்கினே இருப்பாங்க" என்றான்.

"சத்தமில்லாம ஓடுதுன்னு தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது சார். ஓடுதா, இல்லியா. அவ்ளோதான்."

நேரே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஓடட்டும் சார். நல்லா படிக்குதுங்கன்னு தானே நெனைப்பாங்க?"

"தெலுங்குலயே நல்லா படிக்குதுங்கன்னு நெனைப்பாங்க டீச்சர்."

சிரிப்பு அப்படியே நின்றது.

அடுத்த வாரமே ஹெட்மாஸ்டருக்குக் கல்வி ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேனலில்தான் பாடம் நன்றாக நடக்கிறதே, தமிழ்ப் புத்தகம் இன்னும் வேண்டுமா என்று கேட்டார்களாம். அன்று மாலை டீச்சர் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"அணைச்சிட்டா பசங்க பரீட்சைல போய்டும் சார். ஓட்டிக்கினே இருந்தா க்ளாஸே போய்டும் போல கீது. நான் இன்னாதான் பண்றது?"

பிறகு அவரே சொன்னார்: "இந்த வருசம் இதுங்க பாஸாவட்டும். ஆபீஸர் வந்தா நேர்லயே காமிச்சிட்றேன், தமிழ்ல சொன்னாத்தான் புரியுதுன்னு."

ஆபீஸர் எட்டாவது தமிழ் வகுப்புக்கு வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை. டீச்சர் அவர் கண்ணெதிரே சத்தத்தை அணைத்து, இடதுபக்கம் நின்று, உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினார். ஹெட்மாஸ்டரோடும் என்னோடும் பின்னால் நின்று ஆபீஸர் தலையாட்டி ரசித்தார். பிறகு முதல் பெஞ்சில் இருந்த ஹர்ஷினியைத் தெலுங்கில் கேட்டார்: பேர் என்ன, ஊர் எது, அப்பா என்ன வேலை?

தறிக்காரர் மகள் அவள். நூல் கடையிலும் பஸ்ஸிலும் சந்தையிலும் தெலுங்கு பேசியே வளர்ந்தவள். இந்த எல்லையில் எந்தப் பிள்ளைக்கு அது வராது? எழுந்து நின்று மணிமணியாகப் பதில் சொன்னாள். டீச்சருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிற சந்தோஷம் முகத்தில்.

"தெலுகு பாகா மாட்லாடுதுந்தி கதா!" என்றார் ஆபீஸர். நன்றாகத் தெலுங்கு பேசுகிறாளே, பிறகு என்ன என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

டீச்சர் பதறினார். "சார், அது கடைத்தெருப் பேச்சு. பாடம் வேற சார். ரத்தக்குழாய்னு இப்பத்தான் தமிழ்லயே தெரிஞ்சிக்கினு இருக்குதுங்க." எங்கள் ஹெட்மாஸ்டர் நடுவில் புகுந்து சால்வையை நீட்டினார். பேனலை நன்றாகப் பயன்படுத்தியதற்காக டீச்சருக்குப் பொன்னாடை. கைதட்டச் சொன்னார்கள். பிள்ளைகளும் தட்டின. டீச்சர் அந்தச் சால்வையோடு நின்ற கோலத்தை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் பாஸ். அதையும் பேனலின் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது தமிழ் அறை இரண்டிலும் பூட்டுத் தொங்கியது. பிள்ளைகளைத் தெலுங்கு வகுப்போடு சேர்த்துவிட்டார்கள். ஸ்வர்ணலதா டீச்சரைத் தொலைவில் இருக்கிற குப்பம் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தறியை விட்டுவிட்டுக் கணவரால் அவரோடு போக முடியாது. தனியாகத்தான் பஸ் ஏறினார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நான் ஓட்டாமயே இருந்திருக்கணுமா சார்?"

முதல் வாரத்தில் ஒருநாள் தெலுங்கு ஒன்பதாவதைத் தாண்டிப் போனேன். வாத்தியார் இன்னும் வரவில்லை. அதற்குள் யாரோ பேனலைப் போட்டுவிட்டார்கள். கோட்டுக்காரர் தெலுங்கில் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார், கண் என்ற பாடம். கடைசி பெஞ்சுகளில் நம் பிள்ளைகள். ஹர்ஷினி எழுந்து விடுவிடுவென்று முன்னால் போனாள். சத்தத்தை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பேனலின் இடதுபக்கம் பார்த்தாள். மற்ற தமிழ்ப் பிள்ளைகளும் அங்கேயே பார்த்தன.

கோட்டுக்காரர் வாயசைத்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்து மைதானத்துக்குப் போய்விட்டேன்.