வாப்பாவைக் கூட்டிப்போன நாள்

சாரல் நன்றாக விழுந்த ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாசுக்கு மட்டம் போட்டுவிட்டு உம்மாவோடு குற்றாலம் போய்க் குளித்தேன். திங்கட்கிழமை கணக்கு டீச்சர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

"உங்கப்பாவக் கூட்டிட்டு வா. அம்மா வந்து மூக்கச் சிந்துத கதையெல்லாம் வேண்டாம். அப்பா வந்தாத்தான் உள்ள விடுவேன்."

வாப்பா அப்போது கத்தாரில் இருந்தார். அதை டீச்சரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அச்சன்புதூரில் எங்கள் தெருவில் பாதி வாப்பாமார் போனில்தான் இருப்பார்கள். கல்யாண வீட்டில் வீடியோ காலில் பின்பக்கக் கேமராவைப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவராகக் காட்டுவோம். அந்த வாப்பா நேரில் வந்துவிட்டதாகவே பேச்சு. அதனால் மறுநாள் உம்மாவின் போனைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன்.

முந்தின ராத்திரியே சொல்லிவைத்திருந்ததால் வாப்பா சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பெருநாள் சட்டை போட்டுக் காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் போன் கூடாது என்பதால் சத்தத்தை அடியோடு குறைத்திருந்தேன். டீச்சர் வாசலுக்கு வந்ததும் வீட்டுப் பழக்கத்தில் கேமராவை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையில் வாப்பா கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார். அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ஏட்டி, என்னையவே வீடியோ எடுக்கியா?"

அறைந்த அறையில் போன் கீழே விழுந்தது. "இல்ல டீச்சர், வாப்பா..." என்றேன்.

"வாய மூடு. ஒழுங்கான அப்பனுக்குப் பொறந்திருந்தா இப்படி வந்து நிப்பியா?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் போனை எடுத்து, அணைக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டினார். வாப்பாவின் குரல்தான் எங்களுக்குக் கேட்கவில்லை. எங்கள் குரல் அவருக்குக் கேட்டது.

சாயங்காலம் உம்மா வந்து அழுது மன்னிப்புக் கேட்டுப் போனை வாங்கினாள். வாப்பா கூப்பிட்டார். அடியைப் பற்றிக் கேட்கவில்லை.

"டீச்சருக்கு வணக்கம் சொன்னேம்மா. அவங்களுக்குக் கேக்கல போல."

அந்தப் பொம்பளையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மேலகரம் பஸ்ஸில் பார்த்தால், "நல்லாருக்கியா?" என்று சிரிக்கிறார். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு வாப்பா வீடியோவில் வருவதில்லை. கேட்டால் நெட் சரியில்லை என்பார். என் கல்யாணத்தன்று தம்பி கை வலிக்க போனைத் தூக்கிப் பிடித்து நின்றான். எல்லோரையும் வாப்பா பார்த்தார். தன் கேமராவைப் போட்டு முகத்தை மட்டும் காட்டவில்லை.