விளக்கேற்ற ஓர் அக்கா

யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியார் வேலைக்கு மதுரை வந்திருக்கிறேன். வடக்கு மாசி வீதியில் நேற்று எனக்குத் தர மறுத்த வாடகை வீட்டை மறுபடியும் கேட்கப் போனால், உள்ளே பால் பொங்குகிறது. என்னோடு ரயிலில் வந்த கல்யாணமாகாத குமாஸ்தா அடுப்பருகே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"தனி ஆளுக்கு வீடில்லை எண்டீங்களே, இவரும் தனி ஆள்தானே?" என்று வீட்டுக்கார அம்மாளைக் கேட்கிறேன்.

"இவுக அக்கா மேலூருல இருக்கு தம்பி. வெள்ளிக்கு வெள்ளி வந்து விளக்கேத்திட்டுப் போகுமாம். பொம்பள விளக்கேத்தாம வீடு கெடக்கலாமா?"

பால் காய்ச்ச இன்று வந்திருக்கும் அந்த அக்கா எனக்கும் ஒரு தம்ளர் பால் நீட்டுகிறாள். "நீங்களும் குடிங்க தம்பி."

கற்கண்டு போட்ட பால் தித்திக்கிறது, வயிறோ எரிகிறது. எனக்கும் மூன்று அக்காமார் இருக்கிறார்கள், கடலுக்கு அந்தப் பக்கம்.