214-ஆம் எண் புங்கமரம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் மதிலோரம் நட்ட மரங்களுக்குத் தண்ணீர் விடுவது சின்னப்பொண்ணுவின் வேலை. முன்பு கவரைப்பேட்டைப் பக்கம் வயலில் நாற்று நட்டவள். எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதில் யார் பேச்சையும் கேட்கமாட்டாள்.

மரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அது நிற்கும் இடம் நட்ட அன்றே ஜிபிஎஸ்ஸில் பதிவாகிவிட்டது. நான்கு வருடம் கழித்து, எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கக் கணக்கெடுப்பாளர் மதிவாணன் செல்போனோடு வந்தார். 214-ஆம் எண் புங்கமரம் இருப்பதாக அதிலிருந்த ஆப் காட்டிய இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

“இன்னாக்கா, மரம் எங்க?”

“இங்க மேல கரண்ட்டு கம்பி போவுது சார். வளந்தா வெட்டிடுவானுங்க. அதான் கன்னா இருக்கசொல்லவே புடுங்கி அந்தாண்ட வெச்சேன். தோ நிக்குது பாருங்க.”

இருபதடி தள்ளி மரம் கிளை பரப்பி நின்றது.

“இடம் மாறினா ஆப் ஒத்துக்காதுக்கா. மரம் இல்லன்னுதான் போட முடியும்.”

“போட்டுக்கோங்க.”

வெயிலில் செல்போன் திரை தெரியவில்லை. மதிவாணன் நகர்ந்து போய், அந்தப் புங்கமர நிழலில் நின்று தட்டத் தொடங்கினார்.

சின்னப்பொண்ணு தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டாள்.

“இல்லாத மரத்துக்குக் கீய இன்னா சார் பண்றீங்க? வெயில்ல வந்து நின்னு எயுதுங்க.”