விமானியின் கடைசிப் பக்கம்

எங்கள் அப்பா வாழ்நாளில் விமானம் ஏறியவரில்லை. ஆரணியிலிருந்து சென்னைக்குப் போவதென்றாலே முதல் நாளே வாந்தி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு விமானியின் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தார் என்றால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்?

அந்த விமானி எங்கள் தெருக்கோடி பங்களாவில் இருந்தவர். நாடு சுதந்திரம் அடைந்த காலத்திலேயே டகோட்டா என்கிற பயணிகள் விமானம் ஓட்டியவராம். அவர் இறந்ததும் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து வீட்டை விற்றார்கள். உள்ளே இருந்ததைப் பழைய பேப்பர் கடைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அப்பாவின் தொழில் பட்டுப் புடவைகளை மடித்து, மடிப்புக்குள் அட்டை வைத்துக் கடைகளுக்கு அனுப்புவது. அட்டை வாங்கப் போன இடத்தில்தான் விமானியின் பதிவேடுகள் அவர் கண்ணில் பட்டன. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பறப்பும் அதில் கைப்பட எழுதியிருந்தது. அதோடு அப்பா நிற்கவில்லை. சலவைக்காரரிடம் தங்கிப்போன தொப்பி, அவர் வீட்டில் சமையல் செய்த பாட்டியிடம் இருந்த விமானக் கம்பெனி ஸ்பூன், இறக்கை வைத்த பித்தளை பேட்ஜ் எல்லாம் எங்கள் ஷோகேசுக்கு வந்து சேர்ந்தன.

அம்மா அப்போது குவைத்தில் நர்ஸ். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவள்; நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று அப்பா சொல்வார். நானும் பள்ளியில் அதையே சொல்வேன். வீட்டில் அப்பா, அவருடைய தங்கையான அத்தை, நான். மூன்று பேர் இருந்தும் சாயங்காலமானால் வீடு வெறிச்சோடிவிடும். பக்கத்து வீட்டு அம்மா தன் மகளைத் திட்டுகிற சத்தம் கேட்டால்கூட எனக்கு ஏக்கமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் அப்பா பதிவேட்டை எடுப்பார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம், வரிசை தப்பாமல். மெட்ராஸிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மெட்ராஸ். மெட்ராஸிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மெட்ராஸ்.

"பாத்தியா பாப்பா, திரும்பி வந்துட்டாரு" என்று முடிப்பார். எனக்குக் கொட்டாவி வரும்.

கடைசிப் பதிவேடு தையல் விட்டுத் தாள் தாளாகக் கிடந்தது. கல்யாண ஆர்டர் அவசரத்தில் அட்டை தீர்ந்துபோக, அத்தை அந்தத் தாள்களை மைதாப் பசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்து, ஒரு முகூர்த்தப் புடவைக்குள் செருகிவிட்டாள். புடவை கடை வழியாக வந்தவாசிக் கல்யாண வீட்டுக்குப் போயே விட்டது.

மறுநாள் எனக்கு அரை நாள்தான் பள்ளி. மதியம் அப்பா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அந்தத் தாள்களைத் தேடினார். இன்னும் சில பக்கங்கள்தான் மீதி. அன்றைக்கு மட்டும் வரிசையெல்லாம் வேண்டாம், கடைசிப் பக்கம் வேண்டும் என்றார்.

"குப்பைன்னு நெனச்சிட்டேண்ணா" என்றாள் அத்தை.

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அன்று அப்பா முகம் கழுவி, ஒரு புது அட்டையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறிவிட்டார். மாத்திரைகூடப் போடவில்லை. ஊர் சுற்றக் கிடைத்த சந்தோஷத்தில் நான் காரணம் கேட்கவில்லை.

புடவையைப் பிரிக்கணும் என்றதும் கல்யாண வீட்டில் எல்லார் முகமும் மாறிவிட்டது. ஜரிகை போலியோ என்று பெண்ணின் அம்மா பயந்துவிட்டாள். அட்டைதான் மாறிப்போயிற்று என்று அப்பா சத்தியம் செய்யாத குறை. கடைசியில் கல்யாணப் பெண்ணே சிரித்துக்கொண்டு மடிப்பை விரித்தாள். அரக்குப் பட்டுக்குள் விமானியின் கையெழுத்து. நல்லவேளை, கடைசித் தாள்தான் மேலே இருந்தது. அப்பா புது அட்டையை வைத்துப் பழையபடி மடித்துக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே தாளைப் படித்தார். கடைசி வரி, மெட்ராஸிலிருந்து நாக்பூர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை அப்பா அந்த அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பிறகு, "நாக்பூரோட நின்னுட்டுது பாப்பா" என்றார்.

எனக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "அதுக்கின்னாப்பா? ரயில்ல வந்திருப்பாரு. நம்ம தெருவுலதான இருந்தாரு" என்றேன்.

அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவே அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாள் பாழாகிவிட்ட துக்கம் என்று நினைத்து, தண்ணியில் ஊறவைத்தால் பசை விட்டுவிடும் என்று சமாதானம் சொன்னேன்.

அன்று காலை நான் பள்ளிக்குப் போயிருந்தபோது குவைத்திலிருந்து போன் வந்திருக்கிறது. இனி ஆரணிக்கு வரப்போவதில்லை, அங்கேயே வேறு ஒருவரோடு வாழ்க்கை அமைத்துக்கொண்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரிய வருடக்கணக்கானது. அன்று அந்த பஸ்ஸில், அம்மா வந்ததும் அவளையும் வந்தவாசிக்குக் கூட்டிவந்து அந்தக் கல்யாணப் பெண்ணைக் காட்டவேண்டும் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா ஒவ்வொரு தடவையும் சரிம்மா, சரிம்மா என்றார்.